அண்ணாந்து குடிக்கும் கோழிகள்

கோழிகளுக்கு வைக்கிற போசியில் தண்ணீர் இன்றைக்கும் கல்லாகத்தான் கிடந்தது. நேற்று இருட்டும் முன்னால் சாக்கைப் போட்டு மூடி, அதன்மேல் பழைய கம்பளியையும் போட்டு நாலு பக்கமும் செருகிவிட்டுத்தான் போனேன், அதற்கெல்லாம் மசிகிற குளிரா இது, கம்பளியின் மேலேயே வெள்ளையாய்ப் பூத்து உட்கார்ந்திருக்கிறது. விரலை மடக்கித் தட்டினால் டொக்கென்கிறது. நடுவில் ஒரு செம்பட்டை இறகு சிக்கி அப்படியே நிற்கிறது, நேற்று யாரோ குடிக்க வந்தபோது உதிர்த்தது. காரமடையில் பிறந்தவளுக்குத் தண்ணீர் என்றால் ஓடும், கொதிக்கும், வெயிலில் வற்றும், அவ்வளவுதான் தெரியும். நின்ற இடத்திலேயே கெட்டியாகும் என்று கல்யாணத்துக்கு முன்னால் ஒருத்தரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் யோசித்திருப்பேனா என்றால் அதுவும் இல்லை, அவர் முகத்தைப் பார்த்துத்தான் சரியென்றேன், ஊட்டியைப் பார்த்தா சொன்னேன். ஊட்டி என்பதும் பேருக்குத்தான். நாங்கள் இருப்பது அங்கிருந்து இறங்கி வருகிற ஒரு பள்ளத்தில், சுற்றிலும் கேரட் தோட்டம், மேட்டில் இருப்பவர்களுக்கு இல்லாத உறைபனியெல்லாம் சொல்லிவைத்த மாதிரி இங்கேதான் இறங்கும். குழாயும் கட்டிப்போயிருக்கிறது. படுக்கப் போகும்போதே திருகைத் திறந்துவிட்டுக் கீழே குடத்தை வைத்துவிடுவேன், வெயில் ஏறி உள்ளே இளகினால் குழாய் முதலில் வயசாளி மாதிரி நாலு தரம் இருமும், பிறகு துப்பும், பிறகுதான் ஒழுங்காக ஊற்றும். அந்தச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டே வேலை செய்வேன். வெயில் இறங்க இன்னும் நேரம் இருக்கிறது, கூண்டுக்குள் அதற்குள் முணுமுணுப்பு, முதல் குரல் தாசில்தாருடையது. வயிற்றைத் தூக்கிக்கொண்டு மெத்தனமாய் நடக்கிறதென்று அந்தக் கோழிக்கு அவர் வைத்த பேர். இரு தாயே, இரு. கதவைத் திறந்ததும் ஒவ்வொன்றாய்க் குதித்து வந்து நேராகப் போசிக்குப் போய்க் கொத்துகின்றன, டொக் டொக் டொக், நிமிர்ந்து என்னைப் பார்க்கின்றன, மறுபடி கொத்துகின்றன. நேற்றும் இப்படித்தான், முந்தாநாளும் இப்படித்தான், ஆனாலும் ஒவ்வொரு காலையிலும் அதே நம்பிக்கையோடு ஓடிப் போய்க் கொத்துகின்றன. எனக்குச் சிரிப்பு வருகிறது, கூடவே பாவமாயும் இருக்கிறது.

இருமலா அது. அசையாமல் நின்றேன். தாசில்தார் காலைச் சீய்க்கிற சத்தம், மேலே ரோட்டில் ஒரு லாரி கியர் மாற்றுகிற சத்தம், வேறொன்றும் இல்லை. இந்த மூன்று மாசத்தில் என் காது இருமலுக்கென்றே ஆகிவிட்டது. ஐப்பசியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வெள்ளிங்கிரி என்றால் இந்தப் பள்ளத்தில் எல்லாருக்கும் தெரியும், கேரட் கழுவுகிற மிஷினில் மேஸ்திரி, விடியும் முன்னே பனித் தண்ணீரில் முழங்கால் அளவுக்கு நின்று மூட்டை மூட்டையாய் அலசி அனுப்பினவர், அந்தத் தண்ணீருக்குள்ளேயே ஒரு பக்கமாய்ச் சரிந்தார். கை கொஞ்சம் வந்துவிட்டது, காலும் இழுத்து இழுத்து நடக்கிறது, பேச்சு நாக்கில் தடுக்கினாலும் எனக்குப் புரிகிறது. வராமல் போனது விழுங்குவது. கெட்டியாய் இருப்பது இறங்கும், கூழ், களியைக் கரைத்தது, நன்றாகக் குழைந்த சோறு. வெறும் தண்ணீர் மட்டும் ஆகாது. அது வேகமாய் ஓடி நெஞ்சுக்குள் போய்விடும் என்றார்கள். அதனால் தண்ணீரிலேயே மாவைக் கலந்து கெட்டியாக்கி ஸ்பூனில் ஊட்டுகிறேன். அவர் அதை விழுங்கிவிட்டு என்னைப் பார்ப்பார், இதுவா தண்ணி என்று கேட்கிற பார்வை. வெளியே கோழிக்குத் தண்ணீர் கெட்டியானால் ஆகாது, உள்ளே அவருக்குக் கெட்டியாகாவிட்டால் ஆகாது, நடுவில் நான் ஒருத்தி இரண்டு பக்கமும் கலக்கிக்கொண்டும் உடைத்துக்கொண்டும் இருக்கிறேன். சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் இன்றைக்கு வெறும் தண்ணீர் கொடுத்துப் பார்க்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். விழுங்கப் பழக்கித் தருகிற பெண், நித்திலா, என் மகளை விடச் சின்னவள், இரண்டு தடவை சொல்லிக் கொடுத்துவிட்டு என்னையும் திருப்பிச் சொல்லச் சொன்னாள். "நல்லா நிமிர்ந்து உக்கார வெச்சுக்குங்கம்மா. தாடைய நெஞ்சப் பாத்துக் குனியணும். டம்ளர்ல உதட்ட வெச்சு ஒரே ஒரு சின்ன வாய். அண்ணாக்கவே கூடாது. குடிச்ச உடனே எதாவது பேசச் சொல்லுங்க. இருமல் வந்தாலோ, குரல் ஈரமா கொளகொளன்னு கேட்டாலோ நிறுத்திடுங்க, கூட்டிட்டு வந்துடுங்க." கூட்டிக்கொண்டு போனால் என்ன செய்வார்கள் என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். திரும்பவும் மூக்கு வழியாகக் குழாய். போன தடவை அதை அவர் இரண்டு முறை பிடுங்கி எறிந்தார், பிறகு நல்ல கையைக் கட்டிலோடு துணியால் கட்டி வைத்தார்கள், வேறு வழியில்லை, அவர் நல்லதுக்குத்தான். அப்படிக் கட்டியிருந்ததை நான் பார்த்தேன். நூறு கிலோ மூட்டையைப் புரட்டின கை. இன்னொரு தடவை அதை நான் பார்க்க மாட்டேன், அவரும் தாங்க மாட்டார்.

சரி, தண்ணீர். முதலில் இவைகளுக்குத் தண்ணீர். அடுப்பங்கரையில் பானைத் தண்ணீர் பனிக்குத் தப்பி இருக்கிறது, அடியில் கொஞ்சம் விட்டுவிட்டு மீதியை அடுப்பில் வைத்தேன், விரல் பொறுக்கிற சூடு வந்தால் போதும், அதிகம் கொதித்தால் கோழி நாக்கு வெந்துவிடும். அறைக் கதவு ஒருக்களித்திருக்கிறது. எட்டிப் பார்க்கலாமா. பார்த்தால் விழித்துக்கொள்வார், விழித்தால் கேட்பார், நேற்று ராத்திரி சொன்னதும் முகம் எப்படி மலர்ந்தது, காலைலயா, காலைலயா என்று நாக்கு தடுக்கத் தடுக்க மூன்று முறை கேட்டார். தீபாவளிக்குப் பட்டாசு கேட்கிற பையன் தோற்றான். அந்த முகத்துக்கு ஏதாவது ஆகிவிட்டால். இல்லை, இப்போது அதை நினைக்கக் கூடாது, இப்போது தூக்குப்போசியை நிரப்ப வேண்டும், படியில் சாம்பலைத் தூவ வேண்டும், முதல் படியில் நேற்றுச் சிந்தினது வழுவழுவென்று உறைந்திருக்கிறது, நான் விழுந்தால் அவரையும் என்னையும் தூக்கப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள். திருப்பூரிலிருந்து மகள் பஸ் பிடித்து வருவதற்குள் கோழிகள்தான் வந்து சுற்றி நிற்கும். அடி எடுத்து வைப்பதைக்கூட யோசித்து யோசித்து வைக்கிற வயசு வந்துவிட்டது. வந்தேன், போசியின் விளிம்பைச் சுற்றி வெந்நீரை ஊற்றினேன், கொஞ்சம் பொறுத்துக் கவிழ்த்தால் உள்ளே இருந்தது முழுசாய் வட்டமாய் வழுக்கிக்கொண்டு விழுந்தது, தோசைக்கல் அளவுக்கு, இறகும் அதற்குள்ளேயே. அதை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தேன். இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள், ஒருவரும் இல்லை, முதல் வாரம் கல்லால் அடித்து உடைத்துப் போசியையே நெளித்தேன், இப்போது இருப்பது அந்த நெளிந்த போசிதான். மீதி வெந்நீரை அதில் ஊற்றினேன். ஆவி எழுந்தது. ஒன்பதும் ஓடி வந்தன.

இந்தக் கோழிகளை நான் கோயில் கட்டிக் கும்பிட வேண்டும். கூழைக் கண்டாலே அவர் வாயை மூடிக்கொண்ட நாட்கள் இருந்தன, உடம்பு வற்றி, கன்னம் ஒட்டி, என்ன செய்வதென்று தெரியாமல் அடுப்படியில் உட்கார்ந்து அழுத நாட்கள். ஒரு காலையில் கூண்டுக்குள் கையை விட்டால் சூடாய் ஒரு முட்டை, அதை அரைவேக்காடாய் எடுத்து மஞ்சளை மட்டும் ஸ்பூனில் வைத்து நீட்டினேன். உதட்டைப் பிரித்தார். விழுங்கினார். இன்னும் என்று கண்ணால் கேட்டார். அன்றைக்கிலிருந்து தினமும் முட்டை, தினமும் அந்தக் கண். கோழிக்குத் தண்ணீர் இல்லாவிட்டால் இரண்டாம் நாளே முட்டை நின்றுபோகும், தீனி எவ்வளவு போட்டாலும் சரி, அதை இந்த மார்கழியில் கண்டுகொண்டேன், மூன்று நாள் கூண்டு வெறுமையாய்க் கிடந்தபோது. அவரால் குடிக்க முடியாத தண்ணீரை இவை குடித்து, அவரால் விழுங்க முடிகிற மாதிரி ஆக்கி, வைக்கோலுக்குள் வைத்துவிட்டுப் போகின்றன. இதற்கு நான் செய்வது இரண்டு நடை வெந்நீர். கணக்குப் பார்த்தால் வெட்கமாய் இருக்கிறது. தாசில்தார் முதலில் அலகை நனைக்கிறது, பிறகு தலையைத் தூக்கி, கழுத்தை நீட்டி, கண்ணை ஒரு நொடி மூடுகிறது, தொண்டையில் ஒரு சின்ன அசைவு இறங்குகிறது. மறுபடி குனிகிறது, மறுபடி அண்ணாக்கிறது. ஒன்பதும் அப்படியே, ஒன்று குனிய ஒன்று நிமிர. அண்ணாந்து குடித்தால் ஒன்றும் ஆவதில்லை இவைகளுக்கு. எங்கள் வீட்டில்தான்.

எங்கள் வீடு என்று சொல்லிப் பழகிவிட்டது, அது அவர்கள் வீடு. நான் பிறந்த வீட்டில் டம்ளரில் வாய் வைத்துத்தான் குடிப்போம். இங்கே வந்த முதல் நாள், மலை ஏறி வந்த பஸ்ஸில் இரண்டு தரம் வாந்தி எடுத்த களைப்பில், மாமியார் நீட்டிய பித்தளைச் சொம்பை வாங்கி வாயில் வைத்து மடக்மடக்கென்று குடித்தேன். அவர் சொம்பை வாங்கிப் போய்ப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தார். இவருடைய அக்காதான் சிரித்தார். "ஏம்மணி, காரமடைல எல்லாரும் மாடாட்டம் வாய வெச்சுத்தான் குடிப்பீங்களா." புதுப் பட்டுப் புடவையோடு நான் நின்ற நிலையை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. அன்று சாயங்காலம் இவர் என்னை விறகு அடுக்கியிருந்த பக்கம் கூட்டிக்கொண்டு போய், அதே சொம்பில் தண்ணீர் மொண்டு, எனக்குக் குடிக்கச் சொல்லிக் கொடுத்தார். "மொதல்ல வாயத் தொற புள்ள. தொண்டையத் தொறந்து வெச்சுக்க. ஊத்தறப்ப மூச்சு உடாத." ஊற்றினேன், பாதி மூக்கில் போனது, மீதி ரவிக்கையில், புரையேறி இருமிய இருமலில் அடுக்கியிருந்த விறகு சரிந்தது. அவர் என் உச்சந்தலையைத் தட்டி, "ஆரோ நெனைக்கறாங்க" என்றார், யாரென்று கேட்டால் சொல்லாமல் சிரித்தார். கல்யாணத்தில் தாலி கட்டியது நினைவில் இருக்கிறது, இருந்தாலும் எனக்குக் கல்யாணம் ஆனது அந்த விறகுப் பக்கத்தில்தான். ஒரு வாரத்தில் நானும் துளி சிந்தாமல் அண்ணாந்து குடிக்கிற ஆளாகிவிட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இப்போது என்னாலும் வாய் வைத்துக் குடிக்க முடிவதில்லை, பழக்கம் அப்படி.

அந்தப் பழக்கம்தான் அன்றைக்கு அவரைக் கொண்டுபோகப் பார்த்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் வாரம், தம்பியைப் பார்க்க அண்ணி, இவருடைய அந்த அக்கா, வந்தார். நான் அடுப்படியில் கூழ் கிண்டிக்கொண்டிருந்தேன். உடம்பு முடியாதவன் தண்ணீர் கேட்டால் கூடப் பிறந்தவள் என்ன செய்வாள், அதே பித்தளைச் சொம்பு, இவரும் நல்ல பிள்ளையாய் அண்ணாந்து வாயைத் திறந்திருக்கிறார், அண்ணி உயரத் தூக்கி ஊற்றியிருக்கிறார், எச்சில் படாமல், ஒழுங்காக, வளர்த்த முறை தவறாமல். அவர் இருமிய சத்தம் கேட்டு நான் ஓடி வருவதற்குள் அண்ணி அவர் உச்சந்தலையைத் தட்டிக்கொண்டிருந்தார். "ஆரோ நெனைக்கறாங்க சாமி, ஆரோ நெனைக்கறாங்க." முகம் நீலமாகிறது, அண்ணி தட்டுகிறார், சிரித்துக்கொண்டே தட்டுகிறார். பிறகு காய்ச்சல், நெஞ்சில் சளி, திரும்பவும் ஆஸ்பத்திரி, குழாய், கையில் கட்டு. ஆஸ்பத்திரி வராண்டாவில் நான் அண்ணியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தாலாவது பரவாயில்லை. அவர் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார், உட்காரவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, பிறகு எப்போது போனார் என்று தெரியாது. அதற்கப்புறம் இந்தப் பக்கம் வரவில்லை. மகளுக்குப் போன் செய்து கேட்டுக்கொள்கிறாராம், தம்பி என்ன தின்னான், தம்பி நடந்தானா என்று. ஒவ்வொரு காலையிலும் இந்தப் போசிக்குப் பக்கத்தில் நின்று நான் அண்ணியைக் கோபித்துக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொரு காலையிலும் கோபம் கொஞ்சம் கொஞ்சமாய் ஆவியாகிப் போகிறது, கூண்டுத் தகரத்தில் பனி கரைகிற மாதிரி. அந்தத் தலையைத் தட்டின கையை நினைத்தால் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. என் தலையைத் தட்டின கையும் அதே வீட்டுக் கைதானே. இன்றைக்கு எப்படி முடிந்தாலும் அண்ணிக்குப் போன் செய்வேன். நல்லபடி முடிந்தால் என்று முதலில் நினைத்தேன், இல்லை, எப்படி முடிந்தாலும்.

தண்ணீர் இறங்கிக்கொண்டே வருகிறது, இவை குடித்துத் தீராது போலிருக்கிறது. எனக்கும் தாகம். தூக்குப்போசியின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்ததை நானும் அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன், வெதுவெதுப்பாய் இறங்கியது, அப்பாடா. ஐப்பசியிலிருந்து நான் தண்ணீர் குடிப்பது இங்கேதான், இவைகளோடுதான். ஒரு நாள் அவர் எதிரில் மறதியாய்ச் சொம்பைத் தூக்கிவிட்டேன், குடித்து முடித்துப் பார்த்தால் அவர் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார், கோபமில்லை, கேட்கவும் இல்லை, சும்மா பார்த்தார். அதிலிருந்து வீட்டுக்குள் நான் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. அவருக்கு அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன், காலையில் நான் கோழிக்குத் தண்ணீர் வைத்துவிட்டுத் திரும்பினால் என் உதட்டைப் பார்ப்பார். இங்கே நின்று குடிக்கிற போதெல்லாம் ஒரு திருட்டுத்தனம், ஒரு சுகம். தண்ணீர் குடிப்பது இவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு இதற்கு முன் தெரியாது. எத்தனை வருஷம் சொம்பு சொம்பாய்க் குடித்தோம், எத்தனை லாரி தண்ணீரில் அவர் கேரட் அலசினார், ஒரு வாய்க்காவது நன்றி என்று நினைத்திருப்போமா. இப்போது ஒவ்வொரு வாய்க்கும் நினைக்கிறேன். யாருக்கு என்று தெரியவில்லை, இந்தத் தொண்டைக்கா, பானைக்கா, மாரியம்மனுக்கா, எல்லாருக்குமாய்ச் சேர்த்துத்தான். அவர் சாகவில்லை. மிஷின் பக்கத்தில் இருந்த பையன்கள் உடனே தூக்கினார்கள், லாரிக்காரர் மூட்டையை இறக்கிப் போட்டுவிட்டு அவரை ஏற்றினார், யாரோ ஒரு நர்ஸ் ராத்திரியெல்லாம் அவர் நெஞ்சைத் தட்டிச் சளியெடுத்தாள், அவள் பேரைக்கூட நான் கேட்கவில்லை. இத்தனை பேர் சேர்ந்து தாங்கி இந்தக் காலை வரைக்கும் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். நான் என்னடாவென்றால் உள்ளே போக பயந்துகொண்டு, குடித்து முடித்த கோழிகளை இன்னும் குடி இன்னும் குடி என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

"விசாலு."

கூப்பிட்டுவிட்டார். வைக்கோலுக்குள் கையை விட்டேன், இரண்டு முட்டை, ஒன்று இன்னும் சூடு, மடியில் போட்டுக்கொண்டேன். படியில் சாம்பல் மேல் கால் வைத்து ஏறினேன். கட்டிலில் தானே எழுந்து உட்கார்ந்திருக்கிறார், சால்வையைக்கூட நல்ல கையால் இழுத்துச் சுற்றிக்கொண்டிருக்கிறார், தலையை வாரியிருக்கிறார், பெண் பார்க்க வந்த அன்று இருந்த மாதிரி. "கோழிக்கு வெச்சாச்சா?" என்றார். "வெச்சாச்சுங்க. எல்லாம் குடிச்சிருச்சு. தாசில்தாரு ரெண்டு தரம்." சிரித்தார், ஒரு பக்க உதடு மட்டும் ஏறியது, அதுவே போதும் எனக்கு. பல்லைத் துலக்கிவிட்டேன், வாயை ஈரத் துணியால் துடைத்தேன், முதுகுக்கு இரண்டு தலையணை, பின்னங்கழுத்துக்கு ஒன்று. பானையில் மிச்சமிருந்ததை மொண்டால் அரை டம்ளர் தேறியது. சின்ன டம்ளர், விளிம்பு மடித்தது, எங்கள் அம்மா வீட்டிலிருந்து நான் கொண்டுவந்தது, இந்த வீட்டில் யாரும் எடுத்துப் புழங்காமல் பருப்பு அளக்க மட்டும் ஆகிப்போனது. டம்ளரை அவர் முன் கொண்டுவந்தேன். அவர் தண்ணீரையே பார்க்கிறார். பார்த்ததும் வாய் தானாய்த் திறந்தது, தலை தானாய் மேலே எழும்பியது, சின்ன வயசிலிருந்து எழும்பிப் பழகின தலை, நான் பதறி நல்ல வேளையாய்ப் பின்மண்டையில் கையை வைத்துவிட்டேன்.

"அண்ணாக்காதீங்க. குனியோணும். வாய வெச்சுக் குடிங்க."

"எச்ச ஆயிரும்."

"ஆகட்டும்."

குனிந்து பார்த்தார், டம்ளரின் விளிம்பு உதட்டில் பட்டதும் சூடு பட்ட மாதிரி பின்னால் இழுத்துக்கொண்டார், மறுபடி தலை மேலே போனது. என்ன செய்வார் பாவம், அவருடைய அம்மா தேய்த்துக் கவிழ்த்த சொம்பெல்லாம் அவர் கண் முன்னால் நிற்கும். வாயைத் திறந்துகொண்டு, கண்ணை மேலே பார்த்து, ஊற்று என்று காத்திருக்கிறார். ஊற்றினால் போச்சு. எனக்கு அழுகை வருகிறது, இப்போது அழுதால் அவரும் அழுவார், அழுதால் மூச்சு வாங்கும். அப்போதுதான் விறகுப் பக்கம் ஞாபகம் வந்தது. "இங்க பாருங்க, காரமடைக்காரி எப்படிக் குடிக்கறான்னு பாருங்க" என்று டம்ளரை என் வாய்க்குக் கொண்டுபோனேன். அந்த மறதிக்கு அப்புறம் முதல் தடவையாய் அவர் எதிரில். தாடையை நெஞ்சுக்கு இறக்கி, உதட்டை விளிம்பில் வைத்து, மெதுவாய் ஒரு வாய் உறிஞ்சினேன், சத்தம் கேட்க. எனக்கே அது புதுசாய் இருந்தது, உலோகத்தின் ருசி, அம்மா வீட்டு ருசி. அவர் என் உதட்டைப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார். துடைக்காமல், கழுவாமல், நான் வைத்த அதே இடத்தை அவர் பக்கம் திருப்பி நீட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நல்ல கையைத் தூக்கி என் கையோடு சேர்த்து டம்ளரைப் பிடித்து, குனிந்து, உதட்டை வைத்தார். உறிஞ்சினார். கன்னம் அசைந்தது. தொண்டை முடிச்சு மேலே ஏறி, நின்று, இறங்கியது.

நான் மூச்சு விடவில்லை. அவர் வாயை மூடிக்கொண்டு குனிந்தபடியே இருந்தார். பேசச் சொல்ல வேண்டும், நித்திலா சொன்னாள், குடித்த உடனே பேசச் சொல்ல வேண்டும், என்ன பேசச் சொல்வது. அப்போது இருமல் கேட்டது. பெரிய இருமல், நெஞ்சு கிழிகிற மாதிரி, ஒன்று, இன்னொன்று, தொடர்ந்து துப்புகிற சத்தம். டம்ளரைப் பக்கத்தில் வைத்துவிட்டு அவர் தோளைப் பிடித்தேன், முதுகைத் தட்டினேன், ஐயோ, ஆண்டவனே, குழாய், கையில் கட்டு, திரும்பவுமா, தட்டிக்கொண்டே முகத்தைத் திருப்பிப் பார்த்தால் அவர் முகம் சாதாரணமாய் இருக்கிறது. வாய் மூடியிருக்கிறது. புருவத்தைத் தூக்கி என்னைப் பார்க்கிறார், இந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கிற மாதிரி. வெளியே மறுபடியும் அந்த இருமல்.

"கொழாய் புள்ள" என்றார். "நானில்ல."

காய்ந்த குரல். சுத்தமான, கரகரப்பில்லாத, மேஸ்திரி குரல். இன்னொரு தரம் சொல்லுங்க என்றேன், சொன்னார், இன்னொரு தரம் என்றேன், முறைத்தார். ஜன்னலில் வெயில் இறங்கியிருந்தது, நான் கவனிக்கவே இல்லை. குழாய் நாலாவது தரமும் இருமித் துப்பிவிட்டுக் குடத்தில் ஊற்ற ஆரம்பித்தது. நான் அவர் மடியில் தலையை வைத்து அழுதேன், நன்றாக, சத்தமாக, முட்டை உடைந்துவிடாமல் ஒரு கையால் என் மடியைப் பிடித்துக்கொண்டு. அவர் நல்ல கையால் என் உச்சந்தலையைத் தட்டினார். எப்போதும் சொல்வதைச் சொல்லவில்லை, தட்ட மட்டும் செய்தார்.

"தண்ணி வந்துருச்சு. கொடம் நெம்பீரும். போய்ப் புடி."

இந்தப் பள்ளத்தில் ஒரு சொட்டு சிந்தினாலும் மனசு பொறுக்காதவள் நான். குடம் நிரம்புகிற சத்தம் மாறியது, பிறகு வழிகிற சத்தம், பிறகு கோழிகள் அந்தப் பக்கம் ஓடுகிற சத்தம். வழியட்டும் என்று விட்டுவிட்டு டம்ளரை மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை நான் சொல்லாமலே குனிந்தார்.